படத்தில் பார்த்து, தறிமரத்தில் செய்த விமானம்: ஃபிளைட்கியருக்கு ஒரு கொங்கு விமானம்

தறிக்குழி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நமக்குச் சென்னிமலைப் பக்கம். ஃபிளைட்கியர் என்ற கணினி விமான சிமுலேட்டரில் ஓட்டுவதற்காக, ஆறு மாதமாக பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் ஒரு விமானத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். பெயர் நாடாக்குருவி. ஓடுபாதையில் நிற்கிறது, ஓடுகிறது, ஆனால் ஒழுங்காக எழும்ப மாட்டேன் என்கிறது. அதனால்தான் இங்கே வந்தேன்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'தோஸ் மேக்னிஃபிசென்ட் மென் இன் தேர் ஃபிளையிங் மெஷின்ஸ்' ஓடியது. 1965-இல் வந்த படம். 1910-இல் லண்டனிலிருந்து பாரிசுக்கு விமானப் பந்தயம் என்பது கதை. ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒவ்வொரு தினுசான வண்டியோடு வருவார். மூங்கில், கம்பி, துணி, அவ்வளவுதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புச்சி ஐம்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்தவர். அவர் சிரிக்கவே இல்லை. படம் முடியும்வரை இறக்கைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்கண்ணு, அந்தத் துணிக்குக் கஞ்சி போட்டிருப்பாங்களா? இல்லீனா காத்து ஊடால பூந்து போயிருமே" என்று கேட்டார்.

இருபது வருடமாக அந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாடாக்குருவி அதிலிருந்துதான் பிறந்தது. கதை இப்படி. 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் தியேட்டரைத் தொடங்கினார். அங்கே ஒரு மௌனப் படத்தில் இரண்டே நிமிடம் விமானம் பறப்பதை ஒரு தறித்தச்சர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தச்சர் முழுக்க என் கற்பனை. திரையில் அவருக்குத் தெரிந்தது விமானத்தின் முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும்தான். உள்ளே கயிறு எப்படி ஓடுகிறது, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதெல்லாம் தெரியாது. ஊருக்கு வந்து, தெரியாத இடத்தையெல்லாம் தனக்குத் தெரிந்த தறிவேலையால் நிரப்புகிறார்.

இரட்டை இறக்கை, அகலம் 9 மீட்டர், மொத்தப் பரப்பு 30 சதுர மீட்டர். ஆளும் பெட்ரோலும் சேர்த்து 300 கிலோ. முன்னால் 50 குதிரைசக்தி நோம் இன்ஜின். ஃபிளைட்கியரில் விமானம் பறப்பதைக் கணக்கிடும் பகுதிக்கு யாசிம் என்று பெயர்; அதன் கோப்பில் சாதாரண வேகம் மணிக்கு 110 என்று கொடுத்திருக்கிறேன். கணக்கு முடியாமல் பிழை காட்டி நிற்கிறது. இறக்கைக்குப் பவானி ஜமுக்காளம் போர்த்தியிருக்கிறேன், பார்க்க அவ்வளவு அழகு. என்ன தப்பு செய்கிறேன்?

சூலூர் வானம்:

அண்ணா, படம் பார்த்தேன், அட்டகாசம்! எங்கள் வீட்டு மாடியிலிருந்து தினமும் தேஜஸ் போர்விமானம் பார்க்கிறவன் நான். எனக்கே இதில் ஏறிப் போகணும் போல இருக்கிறது. ஒரு யோசனை. விளையாட்டான விமானம்தானே, இறக்கையை அடிக்கவிட்டால் என்ன? மயில் வாகனம் மாதிரி கழுத்து, தோகை எல்லாம் வைத்து, தோகை விரிந்தால் பிரேக். இயற்பியல் எதற்கு? கணினிதானே, நாம் சொன்னபடி பறக்கும்.

தறிக்குழி:

தம்பி, தோகை பிரேக் நல்ல யோசனை, குறித்துக்கொண்டேன். ஆனால் "இயற்பியல் எதற்கு" என்பதில் மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன்.

அந்த 1965 படத்தைத் திரும்பப் பாருங்கள். அதில் பறக்காத வண்டிகளும் இருக்கின்றன, பறக்கும் வண்டிகளும் இருக்கின்றன. பறக்காதவை ஒரு நிமிடம் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விடும். மனதில் நிற்பவை பறந்தவைதான். பிரிஸ்டல் பாக்ஸ்கைட், அவ்ரோ ட்ரிப்ளேன், ஆன்டுவானெட், டெமோசெல் எல்லாவற்றையும் படத்துக்காகவே புதிதாகச் செய்து நிஜமாகப் பறக்கவிட்டார்கள். அந்த பாக்ஸ்கைட்டும் ட்ரிப்ளேனும் பிற்பாடு இங்கிலாந்தில் ஷட்டில்வொர்த் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தன.

டெமோசெல் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. சாண்டோஸ் டுமோன் 1907-09 வாக்கில் செய்த மூங்கில் விமானம். இறக்கை அகலம் சுமார் 5 மீட்டர்தான். படத்துக்குச் செய்தது தரையை விட்டு ஒழுங்காக எழும்பவில்லை. எதை மாற்றுவது என்று மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், சாண்டோஸ் டுமோன் குள்ளமான, மிக ஒல்லியான மனிதர் என்பது உறைத்தது. ஜோன் ஹியூஸ் என்ற மெல்லிய உடல்வாகுள்ள பெண் விமானியை ஏற்றினார்கள், பறந்துவிட்டது. அந்த விமானத்தில் இன்னொன்று. விமானத்தைச் சாய்க்க இறக்கையை முறுக்குவார்கள்; அதற்கு ஒரு கம்பி, அது சாண்டோஸ் டுமோனின் கோட்டு முதுகில் தைத்த பைக்குள் போய் நிற்கும். உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் இறக்கை முறுகும். விளையாட்டாகத் தோன்றுகிறது, ஆனால் வேலை செய்கிறது. எனக்கு வேண்டிய விளையாட்டு அதுதான்.

மோட்டார் பட்டறை:

தம்பி தறிக்குழி, நான் கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன், வயது அறுபத்திரண்டு. சிமுலேட்டர் என் பேரன் பழக்கிவிட்டது. உங்கள் இன்ஜினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நோம் ஒமேகா சாதாரண இன்ஜின் இல்லை. ஏழு சிலிண்டரும் வட்டமாக நிற்கும். கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு அசையாமல் இருக்கும், சிலிண்டர்களும் ப்ரொப்பெல்லரும் ஒட்டுக்கா சுற்றும். அதாவது மூக்கில் ஒரு பெரிய பம்பரம். அதனால் வலது பக்கம் திரும்பினால் மூக்கு கீழே போகும், இடது பக்கம் திரும்பினால் மேலே தூக்கும். உங்கள் யாசிம் கோப்பைத் திறந்து பார்த்தேன். ப்ரொப்பெல்லருக்குக் கொடுத்திருக்கும் சுழல் எண்ணில் வெறும் மரப் பலகையின் கனம்தான் இருக்கிறது. இன்ஜினின் கனத்தையும் அதில் சேருங்கள். அப்புறம் பாருங்கள், விமானத்துக்கே ஒரு குணம் வந்துவிடும்.

இன்னொன்று. இந்த இன்ஜினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்று இருப்பது போல வசதி கிடையாது. இறங்கும்போது குச்சியின் மேலிருக்கும் பொத்தானை அமுக்கி அமுக்கி மின்பொறியை வெட்டுவார்கள். சத்தம் விட்டு விட்டு வரும். பேரனிடம் சொன்னேன், அவன் பொத்தானை மின்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்சோடு இணைத்துக் காட்டினான். அஞ்சு நிமிட வேலை.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இதற்கு ஊற்றும் எண்ணெய் என்ன தெரியுமா? ஆமணக்கெண்ணெய், நம் வீட்டு விளக்கெண்ணெய். பெட்ரோலும் காற்றும் கிராங்க் பெட்டி வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும். வேறு எண்ணெய் என்றால் பெட்ரோலில் கரைந்து ஓடிவிடும். விளக்கெண்ணெய் லேசில் கரையாது. ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது, எரிந்தும் எரியாமலும் புகையாக வெளியே வந்து ஓட்டுகிறவர் முகத்தில் அடிக்கும். அதைக் குடித்துக் குடித்து அந்தக் காலத்து விமானிகளுக்கு வயிறு படுத்திய பாடு தனிக்கதை. ஆமணக்கு நம் சீமைப் பயிர். உங்கள் தச்சருக்கு இன்ஜின் எங்கே கிடைத்தது என்பது தெரியாது, எண்ணெய் எங்கே கிடைக்கும் என்பது நிச்சயம் தெரிந்திருக்கும்.

தறிக்குழி:

ஐயா, விளக்கெண்ணெய் விஷயம் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். முகக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மெதுவாக ஏறுவது போல ஒரு படலம் வரைந்துவிடுகிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை துண்டால் துடைத்தாகணும். துண்டு பக்கத்திலேயே கிடக்கும், சுட்டியால் தொட்டால் போதும்.

பல்லடத்துக் காற்று:

வேகக் கணக்குதான் உங்கள் சிக்கல். 300 கிலோவை 30 சதுர மீட்டரால் வகுங்கள், சதுர மீட்டருக்கு 10 கிலோ. கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம். 30 டிகிரி வெயிலில் காற்று, புத்தகத்தில் போட்டிருக்கும் கடல்மட்டக் காற்றைவிட ஒன்பது சதவீதம் போல மெலிந்திருக்கும். மெல்லிய வளைந்த இறக்கைக்குத் தூக்குக் கெழு (இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதைச் சொல்லும் எண்) அதிகபட்சம் 1.2 என்று வைத்தால், மணிக்கு 44 கி.மீ.க்குக் கீழே இறக்கை கைவிட்டுவிடும். ஆக இறங்கும் வேகம் 55, சாதாரண வேகம் 70 என்று கொடுங்கள். நிஜ பாக்ஸ்கைட்டே மணிக்கு 64 தான் போனது. இத்தனை கம்பியும் கட்டையும் வைத்துக்கொண்டு 110 கேட்டால் யாசிம் எங்கே போகும் பாவம்.

இனி நான் இங்கே வந்த காரணம். ஃபிளைட்கியரில் காற்றை ஆடி மாதத்துக்கு வைத்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று, மணிக்கு 40. பல்லடம், உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். உங்கள் குருவியை அதற்கு எதிராக 48-இல் பறக்கவிட்டால் தரைக்கு எவ்வளவு வேகம்? எட்டு கிலோமீட்டர். கீழே மாட்டு வண்டி போனால் அதோடு பேசிக்கொண்டே போகலாம். முகத்தைத் திருப்பிக் கிழக்கே பார்த்து 60-இல் பறந்தால் 60-உம் 40-உம் சேர்ந்து 100. அதே விமானம், போகும்போது காளை, வரும்போது எக்ஸ்பிரஸ். உங்கள் தச்சர் இதை வானத்தில் ஏறித்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த நிமிடத்தை யோசித்துப் பாருங்கள்.

அமராவதி அக்கரை:

ஜமுக்காளத்தைப் பற்றி நான் சொல்லியே ஆகணும். கரூரில் துணி ஏற்றுமதியில் இருக்கிறேன், நாளெல்லாம் கிராம் கணக்கில்தான் பிழைப்பு. எங்கள் வீட்டு ஜமுக்காளம் ஒன்றைத் தராசில் போட்டேன். நாலுக்கு ஆறு அடி, 1.6 கிலோ. சதுர மீட்டருக்கு 700 கிராமுக்கு மேல் வருகிறது. 30 சதுர மீட்டருக்கு ஒரு பக்கம் மட்டும் போர்த்தினாலே 21 கிலோ. நெருக்கமாக நெய்த மல் துணி சதுர மீட்டருக்கு 100 கிராமில் கிடைக்கும், 3 கிலோவில் முடிந்தது. தறித்தச்சர் ஜமுக்காளத்தை இறக்கைக்குப் போடவே மாட்டார், அவருக்குக் கையில் தூக்கினாலே தெரியும்.

மல் துணியை இறக்கைக்கு வையுங்கள். ஜமுக்காளத்தை உட்காரும் பலகைக்கு விரியுங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் பட்டை அங்கே தெரிந்தால் போதும். கண்ணுக்கு முன்னால் வருவதும் அதுதானே.

துணியை இழுத்துக் கட்டிய படம் போட்டிருந்தீர்களே, அதில் ஊடை நூல் (தறியில் குறுக்கே ஓடுவது) இறக்கையின் நீளவாக்கில் ஓடுகிறது. தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூல்தான் இழுவையைத் தாங்கும். எந்தப் பக்கம் இழுவை அதிகமோ அந்தப் பக்கம் பாவு ஓடட்டும். பெரிதாக்கிப் பார்க்கிறவர்களில் ஒருவராவது நெசவு தெரிந்தவராக இருப்பார்.

தறிக்குழி:

அக்கா, ஜமுக்காளத்தை இறக்கையிலிருந்து எடுக்க மனசு வரவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது சரி. எடுத்துவிட்டேன். பாவையும் திருப்பிவிட்டேன். துணிக்கு அப்புச்சி கேட்ட கஞ்சிதான் பூச்சு. ஜவ்வரிசிக் கஞ்சி என்று விமானத்தின் குறிப்பேட்டில் எழுதப் போகிறேன்.

சேலத்துச் சினிமா:

அந்த ஒரு வரியை மாற்றுங்கள். சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகள் வந்தது 1940-களில்தான். உங்கள் தச்சருக்கு 1914. அரிசிக் கஞ்சி என்று போடுங்கள், தறிக்காரர் வீட்டில் எப்படியும் பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டுதான் இருப்பார்கள்.

பழைய படங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். நம் ஆட்களும் வானத்தை விட்டுவைக்கவில்லை. 1963-இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகத்திலிருந்து பறக்கும் தட்டு வந்து இறங்கும். பாட்டுச் சொல்லிக்கொடுக்க நாயகியைத் தூக்கிப்போவார்கள். சின்ன வயதில் டெண்ட் கொட்டாயில் மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்தவன் நான். அந்தத் தட்டு எதனால் பறக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை. ஆனால் நீங்கள் செய்வது வேறு. பார்க்கிறவரே ஏறி உட்கார்ந்து ஓட்டப்போகிறார். அவர் கையில் குச்சி இருக்கும்போது விமானம் பொய் சொன்னால் அஞ்சு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

இன்ஜின் எங்கே கிடைத்தது என்று பட்டறைக்கார அண்ணா கேட்டாரே. 1910-லேயே சென்னையில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் விமானம் செய்து பல்லாவரத்தில் பறக்கவிட்டிருக்கிறார். ஆகவே அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து ஒரு பழைய இன்ஜின் ரயிலேறி ஈரோட்டுக்கு வந்தது என்று கதை கட்டினால் அது ஆகாத கதை இல்லை.

தறிக்குழி:

அரிசிக் கஞ்சி என்று மாற்றியாயிற்று. நன்றிங்க.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். எண்களை மாற்றியதும் யாசிம் முதல் தடவையே கணக்கை முடித்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்குக் கோவை ஓடுபாதையில் நிறுத்தி, நேர் எதிர்க்காற்று 15 வைத்துக் கிளப்பினேன். வால் தூக்கியது, சக்கரச் சத்தம் நின்றது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

ஆனால் திரும்பவில்லை. வலது பக்கம் இறக்கையை முறுக்கினால் மூக்கு இடது பக்கம் போகிறது. ஏன்?

பல்லடத்துக் காற்று:

சந்தோஷம்! மூக்கு எதிர்ப்பக்கம் போவது பிழையே இல்லை. இறக்கை முறுக்கலை யாசிமில் இறக்கை முழு நீளத்துக்கும் ஓடும் ஐலரானாகத்தானே (இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கும் மடல்) கொடுத்திருக்கிறீர்கள்? எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கம் இழுவையும் கூடும். தூக்கிய இறக்கை பின்னுக்கு இழுபடும், மூக்கு அந்தப் பக்கம் சாயும். நீளமான இறக்கையும் மெதுவான வேகமும் சேர்ந்தால் இன்னும் மோசம். மூக்கைத் திருப்பும் வால் சுக்கானைச் சேர்த்து மிதிக்கணும். அதைச் சரிசெய்துவிடாதீர்கள், தயவுசெய்து. 1910-இல் பறந்தவர்கள் எல்லாரும் இதோடுதான் பறந்தார்கள்.

தறிக்குழி:

அப்படியானால் மிதிப்பலகைக்கு வேலை வந்துவிட்டது. இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது, கேளுங்கள்.

குழித்தறியில் இரண்டு மிதிப்பலகை இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கயிறு மேலே போய், பாவு நூலை ஏற்றி இறக்கும் விழுதின் அடியைப் பிடித்திருக்கும்; இரண்டு விழுதுகளின் தலையையும் உருளை மேல் ஓடும் ஒரு கயிறு சேர்த்திருக்கும். ஒரு பலகையை மிதித்தால் ஒரு விழுது இறங்கும், உருளைக் கயிறு மற்ற விழுதைத் தூக்கும். இப்போது இறக்கை முறுக்கும் கயிற்றைப் பாருங்கள். ஒரு பக்கம் இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுத்தால், உருளை வழியாக ஓடும் கயிறு மறுபக்கத்தை மேலே தூக்கும். இரண்டும் ஒரே வேலை. சுக்கானும் அப்படியே, இடது கால் போனால் வலது கால் வரும். என் தச்சர் திரையில் பார்க்காத இடம் எதுவோ, அது ஏற்கெனவே அவர் வீட்டுத் தறியில் இருந்திருக்கிறது. நான் வலிந்து பொருத்தவில்லை, வரையும்போது தானாக வந்து உட்கார்ந்தது.

ஆகவே கால் பலகை சுக்கானுக்கு, கைக்குச்சி இறக்கைக்கு. விழுதுக் கயிறு ஓட்டுகிறவர் தலைக்கு மேலே உருளையில் ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

முறுக்கத்தைக் காட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரே பலகையாகச் சுழற்றினால் கதவு மாதிரி ஆடுகிறது. கடைசியில் இறக்கையை ஒவ்வொரு பக்கமும் ஒன்பது துண்டாக வெட்டினேன். உள்துண்டு அசையாது. அடுத்தது முக்கால் டிகிரி, அதற்கடுத்தது ஒன்றரை, இப்படியே கூடிக்கூடி நுனித்துண்டு ஆறு டிகிரி. துண்டுகள் சேரும் இடத்தில் மூங்கில் விலாவை வைத்து மறைத்துவிட்டேன். இப்போது குச்சியை அசைத்தால் துணி மெதுவாக உடம்பை முறுக்குகிறது.

சூலூர் வானம்:

அண்ணா, ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவை தலைகீழாக விழுந்தேன், நாலாவது தடவை சூலூர்க் குளத்தைச் சுற்றி வந்துவிட்டேன்! இறக்கை அடிக்கணும் என்று கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் விளையாட்டுச் சாமான் இன்னும் கொஞ்சம் வேண்டும். வெறும் குச்சியும் கயிறுமாக இருக்கிறதே?

மோட்டார் பட்டறை:

தம்பி கேட்பது நியாயம். ஒரு தூக்குப்போசியைத் தொங்கவிடுங்கள். தச்சர் சோறு கொண்டுபோகாமலா பறப்பார்? ஒழுங்காகச் சாய்ந்து திரும்பினால் போசி விமானத்தோடு நேராக நிற்கும். சுக்கான் குறைந்தாலோ கூடினாலோ ஒரு பக்கம் ஒதுங்கும். இன்றைய விமானத்தில் குழாய்க்குள் குண்டு ஓடுமே, அதே வேலை.

அமராவதி அக்கரை:

கூடவே ஒரு நூல் துண்டும் கட்டுங்கள். ரைட் சகோதரர்களே நூல் கட்டித்தான் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தார்கள். மஞ்சள் ஊடை நூல், அரை முழம்.

பல்லடத்துக் காற்று:

அக்கா சொன்ன நூல் சரி, ஆனால் மூக்குக்கு நேரே கட்டாதீர்கள். ப்ரொப்பெல்லர் காற்று அடித்து எப்போதும் ஒரே பக்கமாகக் கிடக்கும். அந்தக் காற்று படாத வெளித்தூணில் கட்டுங்கள்.

தறிக்குழி:

மூன்றும் சேர்த்தாயிற்று. போசி பித்தளை. முதலில் எவர்சில்வர் வரைந்தேன், 1914 நினைவுக்கு வந்ததும் மாற்றினேன். மூடியில் அப்புச்சி பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருக்கிறேன். நூல் வலது வெளித்தூணில், பக்கவாட்டுச் சறுக்கல் எண்ணைப் பார்த்து ஆடுகிறது.

மழையையும் சேர்த்தேன். மழைக்குள் போனால் கஞ்சி இளகும், மூன்று நிமிடத்தில் துணி தொய்யும், தூக்குவது குறையும், இழுவை கூடும். வெயிலில் நிறுத்திக் காயவைத்தால் பழையபடி விறைப்பாகும். அப்புச்சி கேட்டதற்கு இதைத்தான் பதிலாகக் கொடுக்க முடிந்தது.

சத்தம் மட்டும் பாக்கி. யார் தோட்டத்திலாவது பழைய ஆயில் இன்ஜின் ஓடினால் பதிவு செய்து அனுப்ப முடியுமா? நோம் சத்தம் இல்லைதான், ஆனால் இணையத்தில் கிடைப்பதெல்லாம் தையல் மிஷின் மாதிரி கேட்கிறது.

மோட்டார் பட்டறை:

பொள்ளாச்சிப் பக்கம் மச்சான் தோட்டத்தில் ஒன்று இருக்கிறது, கிணற்றுமேட்டில். ஒரே வேகத்தில் பதிந்து அதை இழுத்துக் கூட்டினால் பொம்மைச் சத்தம் வந்துவிடும். மெதுவாக, நடுத்தரமாக, முழு வேகத்தில் என்று மூன்று பதிவு எடுத்து, அப்புறம் ஒன்றோடொன்று கலக்கணும். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பேரனும் வருகிறான்.

சூலூர் வானம்:

நானும் வரட்டுமா ஐயா? மைக் என்னிடம் இருக்கிறது.

மோட்டார் பட்டறை:

வா சாமி. காலையில் ஆறு மணிக்குக் கணபதியில் நில்லு. காத்து எந்திரிக்கறதுக்கு முந்தி பதிஞ்சரணும்.